நிறுத்தம் ஐம்பத்து மூன்று நிமிடம்

பிப்ரவரி 8

அன்புள்ள பொடிக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். மூக்கில் மட்டும் சுரங்கத் தூசி குடித்தனம் வைத்திருக்கிறது. உன் தும்மல் நின்றதா, அப்பாவின் முழங்கால் மாடிப்படி ஏறுகிறதா, அம்மாவின் மணிக்கட்டு எப்படி இருக்கிறது, ஒவ்வொன்றாக எழுது. "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

இத்துடன் வரும் பொட்டலத்தில் கால்நடை மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான மாதிரித் தாள்கள் இருபது கொண்ட புத்தகம் இருக்கிறது. முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் லாரி டிரைவரிடம் சொல்லி வாங்கினேன். நூற்றெண்பது கேள்வி, மூன்று மணி நேரம். தப்பாகப் போட்டால் கால் மதிப்பெண் போகும். போன வருடம் கட் ஆஃப் நூற்று முப்பத்தெட்டு. விடைகள் புத்தகத்தின் கடைசியில் இருக்கின்றன, அந்தப் பக்கங்களைக் கிழித்து நூல் போட்டுக் கட்டி அம்மாவிடம் கொடுத்துவிடு.

உனக்கு வயது இருபத்தொன்று. மே மாதம் ஒரு தேர்வு, நவம்பர் மாதம் ஒன்று, அதோடு வயது வரம்பு தாண்டிவிடும். மூன்று வருடமாக அந்த மிருக ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்தது போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தாள் எழுது. அப்பாவையே நேரம் பார்க்கச் சொல். டிப்போவில் முப்பது வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்தவர், ஒரு டிரைவரும் அவரிடம் அரை நிமிடம் ஏமாற்றியதில்லை. நான் டாக்டர் படிப்புக்குத் தேர்வு எழுதியபோது எனக்கும் அவர்தான் பார்த்தார். என் கதை தெரியுமே. வீட்டில் நூற்றைம்பது, ஹாலில் கை நடுங்கி நூற்றுப் பதின்மூன்று. அது அவர் குற்றமில்லை, என் பயந்த சுபாவம். உனக்கு அது வரக் கூடாது.

செல்போன் டவர் இங்கே கிடையாது. ஆபீஸ் போனில் யாராவது செத்தால்தான் பேச விடுவார்கள். அதனால் கடிதம் எழுது, சோம்பல் படாதே.

அம்மா அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

●

மார்ச் 3

அன்பு அக்காவுக்கு,

நீ கேட்டபடியே ஒவ்வொன்றாக: என் தும்மல் நின்றுவிட்டது. அப்பாவின் முழங்கால் ஏறுகிறது, இறங்கத்தான் யோசிக்கிறது. அம்மாவுக்குத் தையல் கூடத்தில் இந்த மாதம் பள்ளிச் சீருடை, மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு போகிறாள். நீ மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்.

இரண்டு தாள் எழுதிவிட்டேன். முதலாவது நூற்று இருபத்தேழு. இரண்டாவது நூற்று முப்பத்து நான்கு. எனக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை கூட்டினேன்.

அப்பா செய்கிற அமர்க்களத்தை நீ பார்க்க வேண்டும். முன்னறையில் இருக்கிற சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். "அதைப் பாத்தா பதறும், நேரத்தை நான் பாத்துக்கறேன், நீ தாளைப் பாரு" என்றார். என் கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டார், ஹாலில் அனுமதி இல்லை என்று. எதிர் நாற்காலியில் சட்டை பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு நோட்டும் பென்சிலுமாக உட்கார்கிறார். ஒன்பது மணிக்கு சைக்கிள் மணியை அடிக்கிறார். பக்கம் திருப்பினால்கூட ஏதோ குறித்துக்கொள்கிறார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு ஞாயிறு அரை நாள் வேலை. பன்னிரண்டரைக்கு வருபவளை உள்ளே விடாமல், நான் முடிக்கும்வரை மாடிப்படியிலேயே உட்கார வைக்கிறார். போன வாரம் அவள் படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். மேல் வீட்டுக்காரர் "வீட்டுல ஏதாவது சண்டையா" என்று கேட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நேற்று ஒரு பூனை டாக்டரைக் கடித்துவிட்டது. நான் பிடித்தபோது சும்மா இருந்தது. அதையே தேர்வாக வைத்தால் எனக்குத்தான் முதல் இடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொடி

●

மார்ச் 22

அன்புள்ள பொடிக்கு,

உன் கடிதம் வந்த அன்று மூக்கடைப்பு கூட விட்டுப்போனது. நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

நூற்று முப்பத்து நான்கு. இரண்டாவது தாளிலேயே. நான் உன் மதிப்பெண்ணை ஒரு கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இங்கே முகாம் ஆய்வகத்தில் காலையில் ரத்தப் பரிசோதனை எந்திரத்தைப் போட்டதும், அளவு தெரிந்த ஒரு மாதிரியை அதில் விட்டுப் பார்ப்போம். எந்திரம் அதே அளவைச் சொன்னால்தான் மற்றவர் ரத்தத்தைத் தொடுவோம். உன் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வும் அப்படித்தான். வீட்டில் என்ன வருகிறதோ அதுதான் ஹாலிலும் வர வேண்டும், உன் அக்கா மாதிரி நடுங்காமல் இருந்தால்.

முகாம் டாக்டர் மறுபடியும் என்னை ஆய்வகப் பொறுப்பாளர் தேர்வு எழுதச் சொல்லித் துளைக்கிறார். "உங்களுக்குத் தெரியாதது என்னங்க இருக்கு" என்கிறார். எனக்குத் தெரியும், ஆனால் ஹாலுக்குள் போனால் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடமாக இதையே சொல்கிறேன், அவரும் விடுவதாக இல்லை.

அடுத்த மூன்று மதிப்பெண்ணையும் உடனே எழுது. அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா

●

ஏப்ரல் 25

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாருக்கும் உடம்பு பரவாயில்லை. வெயிலில் அம்மாவுக்குத் தலைவலி வந்து போகிறது. உனக்குத் தகரக் கூரைக்குக் கீழே எப்படி இருக்கிறதோ.

மூன்றாவது தாள் நூற்று நாற்பத்தொன்று. நான்காவது நூற்று நாற்பத்தாறு. ஐந்தாவது நூற்று நாற்பத்தொன்பது. உன் புள்ளிகளை மேலே ஏற்றிக்கொள். நடுவில் சில ஞாயிறு ஆஸ்பத்திரி வேலை விழுந்து எழுத முடியவில்லை.

அப்பா பார்க்கிறவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார். பழைய டிரைவர் ஒருவர் தன் வீட்டுப் பசுமாட்டுக்கு என்ன கோளாறு என்று என்னிடம் கேட்டு வந்தார். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை என்றேன். "நூத்தி நாப்பத்தொம்போது வாங்கியிருக்கியேம்மா" என்றார்.

உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். உனக்கு அப்பா நேரம் பார்த்த காலத்தில், ஹாலில் மூன்று மணி நேரம் வீட்டைவிடச் சீக்கிரம் போய்விட்ட மாதிரி இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன். பதில் எழுத வேண்டாம், அது வந்து சேர்வதற்குள் தேர்வே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். தூங்கி எழுந்து படிக்கிறேன்.

பொடி

●

ஜூன் 5

அக்காவுக்கு,

எல்லாரும் நலம்.

நூற்று ஒன்பது. நாற்பத்தொரு கேள்வியைத் தொடவே இல்லை.

அப்பா இரண்டு நாள் தன் நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் "அக்கா மாதிரியே பயந்துட்டா" என்று அம்மாவிடம் சொன்னார்.

பொடி

●

ஜூன் 19

பொடிக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை, அதனால் கடிதம் கரடுமுரடாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நூற்று நாற்பத்தொன்பது எப்படி நூற்று ஒன்பது ஆகும்? எனக்கும் ஆனது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ நான் இல்லை. நீ சிறு வயதிலேயே தெருநாயின் வாயிலிருந்து பந்தைப் பிடுங்கியவள், கடித்த நாய்க்கு நீ பயந்ததில்லை, காகிதத்துக்கா பயப்படுவாய்? ஹாலில் யாராவது தொந்தரவு செய்தார்களா? வயிற்று வலியா? கேள்விகள் கடினம் என்று நினைத்தேன், ஆனால் டாக்டரின் பழைய செய்தித்தாளில் "இந்த முறை எளிது" என்று போட்டிருக்கிறது.

மூன்று நாளாக இதையே மென்றுகொண்டிருக்கிறேன். பரிசோதனை எந்திரம் நாற்பது அதிகமாகக் காட்டினால் நான் எந்திரத்தைத்தான் சந்தேகப்படுவேன். கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசிப் பக்கங்களைக் கட்டிய நூலை நீ அவிழ்த்தாயா? விடைகளைப் பார்த்துத்தான் எழுதினாயா? அப்படியென்றால் சொல்லிவிடு, நவம்பருக்குள் சரி செய்யலாம். இல்லை என்றால் அதையும் சொல். சும்மா மட்டும் இருக்காதே.

அம்மாவின் தலைவலிக்குக் கண் பார்வையைச் சோதிக்கச் சொல்.

அக்கா

●

ஜூலை 28

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உனக்குச் சுரங்கத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கம்மா கவலைப்படுகிறாள். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளவும்.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகச் சின்னவள் பதில் போடவில்லை. கேட்டால் "எழுதறேன்ப்பா" என்கிறாள், எழுதுவதில்லை. கடிதம் மேஜையில் திறந்தே கிடந்தது, நான் படித்தேன். தப்பு என்றால் தப்புதான். ஆனால் அவள் விடை பார்த்து எழுதினாள் என்று நீ நினைப்பது அதைவிடப் பெரிய தப்பு. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை எடுக்கவில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் என் நோட்டிலிருந்து ஐந்தாவது தாளின் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்.

9.00 மணி அடித்தேன்.
9.41 முதல் 9.46 வரை தண்ணீர் குடித்தாள்.
10.08 முதல் 10.21 வரை மேல் வீட்டில் சுவரைத் துளைத்தார்கள்.
10.50 முதல் 10.54 வரை பேனாவைக் கடித்தாள்.
11.17 முதல் 11.28 வரை முதுகு வலி, எழுந்து நடந்தாள்.
11.52 முதல் 11.58 வரை ஜன்னலைப் பார்த்தாள்.
12.00 பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி.
12.15 முதல் 12.29 வரை கண்ணை மூடிக்கொண்டாள்.
12.53 மணி அடித்தேன்.
ஓட்டம் மூன்று மணி. நிறுத்தம் ஐம்பத்து மூன்று நிமிடம்.

ஒரு நிமிடம்கூட அவளுக்கு அதிகம் கொடுக்கவில்லை. டிப்போவில் நாங்கள் பார்க்கிற முறைதான். ரயில் கேட்டில் பஸ் நின்றால் அந்த நேரத்தை டிரைவர் தலையில் கட்ட மாட்டோம். சக்கரம் ஓடியது எவ்வளவோ அதுதான் ஓட்ட நேரம், மற்றது நிறுத்தக் கட்டத்தில் தனியாகப் போகும். சின்னவளுக்குப் பேனா ஓடிய நேரத்தை அப்படித்தான் கணக்கிட்டேன். உனக்கும் இதே முறையில்தான் பார்த்தேன், அந்த நோட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எனவே அவளைச் சந்தேகிக்க வேண்டாம். ஹாலில் பயந்துவிட்டாள், அவ்வளவுதான். அது நம் குடும்பத்து வியாதி.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

அப்பா

●

செப்டம்பர் 2

பொடிக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் மன்னிப்பு. விடை பார்த்தாயா என்று கேட்டது அநியாயம். அப்பாவின் கடிதம் ஆகஸ்டு பத்தாம் தேதியே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் எழுதாததற்கு வேலை அதிகம் என்று சொல்லலாம், ஆனால் அது உண்மையில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து போய்விட்டேன்.

அவர் எழுதியதை நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நீ தண்ணீர் குடித்தால் அவர் கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறார். ஜன்னலைப் பார்த்தால் நிறுத்தியிருக்கிறார். பேனாவைக் கடித்தால் நிறுத்தியிருக்கிறார். பேனாவைக் கடிக்கும்போதுதான் நீ கணக்கே போடுவாய், அது அவருக்கு ரயில் கேட்டாம். பன்னிரண்டு மணிக்கு நீ பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தாய். பக்கத்துக்குப் பன்னிரண்டு கேள்வி, நூற்று நாற்பதுக்கு முன்னே பின்னே. ஹாலில் நீ தொட்டது நூற்று முப்பத்தொன்பது. நீ பயப்படவே இல்லை, பொடி. வீட்டில் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு போட்டாயோ அவ்வளவுதான் அங்கேயும் போட்டாய். மீதியை நீ போட்டது நான்காவது மணி நேரத்தில்.

இப்போது என்னைப் பற்றி. எனக்கும் இதே முறைதானாம். அந்த ஒரு வரியை அவர் பெருமையாக எழுதியிருக்கிறார். நான் டாக்டருக்குப் படிக்க இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கடைசி நான்கு பக்கம் வெள்ளையாக இருக்கும்போது மணி அடித்தது. அப்போதுதான் கை நடுங்கியது. நடுங்கியதால் பக்கம் மிஞ்சியது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பக்கம் மிஞ்சியதால்தான் நடுங்கியது. பன்னிரண்டு வருடமாக நான் எதற்கும் லாயக்கில்லாத பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தேர்வாக, ஒவ்வொரு பதவியாக வேண்டாம் என்று சொல்லி இந்தப் பாறைக்குழிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு கோபம் என்றால், யார்மேல் என்று தெரியாததால் நேற்று எந்திரத்தைத் திட்டினேன்.

வரும் ஞாயிறு முதல் அப்பா நேரம் பார்க்கக் கூடாது. நூலகத்தில் போய் எழுது. அவரிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நவம்பர் தேர்வுக்கு இன்னும் பதினோரு வாரம்தான் இருக்கிறது. அவர் மனசு நோகுமே என்று ஒரு ஞாயிற்றையும் விடாதே.

அக்கா

●

செப்டம்பர் 21

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் மன்னிப்பும் கோபமும் ஒரே உறையில் வந்தன. விடை பார்த்தாயா என்ற அந்த வரிக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது கொஞ்சம் பிடிக்கிறது.

ஆனால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எனக்கு மார்ச் மாதமே தெரியும்.

அம்மா பன்னிரண்டரைக்கு வருவாள் என்று எழுதியிருந்தேனே. அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்போது எனக்கு இன்னும் இரண்டு மூன்று பக்கம் இருக்கும். ஒன்பதுக்கு ஆரம்பித்த தேர்வு பன்னிரண்டுக்கு முடிய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. இரண்டாவது தாளிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன், அப்போது அவர் நூற்று முப்பத்து நான்கு என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் நூற்று நாற்பத்தொன்று வந்தது. பிறகு எனக்கே அந்த மதிப்பெண் பிடித்துப்போய்விட்டது. ஹாலில் எப்படியாவது வேகம் வந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உன்னிடம் ஒரு தடவை கேட்கப் போய், பதில் வேண்டாம் என்றும் எழுதினேன். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயம்.

நூலகத்துக்குப் போகச் சொன்னாய். போன ஞாயிறு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா பொத்தான் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, பென்சில் சீவிக்கொண்டிருந்தார். உன் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், திட்டிக்கொள்.

நின்றபடியே படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு உட்கார்ந்து, "வண்டி நின்னா ஜனங்க காத்திருப்பாங்க. அங்க யாரும் காத்திருக்க மாட்டாங்க இல்ல" என்றார். "பெரியவளுக்கும் இதேதானா" என்று கேட்டார். உன் எழுத்து அவர் கையிலேயே இருந்தது.

அலமாரியிலிருந்து கடிகாரத்தை எடுத்து எனக்கு நேர் எதிரே மாட்டினார். மணி அடித்தார். அன்றைக்கு நான் வாங்கியது நூற்றுப் பன்னிரண்டு. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அதை நோட்டில் எழுதினார்.

பொடி

●

டிசம்பர் 12

அன்பு அக்காவுக்கு,

உன் மூக்கு எப்படி? எங்களுக்கு இங்கே எல்லாருக்கும் ஜலதோஷம், ஒருவர் மாற்றி ஒருவர் தும்முகிறோம்.

முடிவு வந்துவிட்டது. நூற்று முப்பத்தேழு. கட் ஆஃப் நூற்று முப்பத்தொன்பது.

கடைசி ஞாயிறு வீட்டில் நூற்று முப்பத்தாறு வாங்கியிருந்தேன். உன் எந்திரம் இப்போது சரியாகக் காட்டுகிறது, அதில் உனக்குத் திருப்தி இருந்தால் எடுத்துக்கொள். எனக்கு இல்லை. பத்து ஞாயிற்றில் நூற்றுப் பன்னிரண்டிலிருந்து இங்கே வந்தேன். மார்ச்சில் வாயைத் திறந்திருந்தால் இன்னும் ஐந்தாறு ஞாயிறு சேர்ந்திருக்கும். இரண்டு மதிப்பெண்ணுக்கு ஐந்தாறு ஞாயிறு வேண்டுமா என்று உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாராவது "என்னாச்சும்மா" என்று கேட்டால் கடிக்கலாம் போல இருக்கிறது.

கால்நடை உதவியாளர் படிப்பு இரண்டு வருடம். அதற்கு வயது வரம்பு இல்லை, என் மதிப்பெண் போதும். ஊசி போடலாம், கட்டுப் போடலாம், அறுவைக்குப் பக்கத்தில் நிற்கலாம். கத்தி மட்டும் என் கையில் இருக்காது. சேர்ந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன், நீ எழுதிவிடாதே.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பத்தாவது பக்கத்தில் எனக்கு ஒன்றும் ஓடாமல் அழுகை வந்துவிட்டது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அப்பாவின் கை சுவர்க் கடிகாரத்தின் பக்கம் போனது ஓரக்கண்ணில் தெரிந்தது. எழுந்து நின்று அதைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "எழுதும்மா, ஓடிட்டிருக்கு" என்றார். நான் எழுதினேன். அவரைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அவரும் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறார். இதே உறையில் வைக்கச் சொன்னார், நான் படிக்கவில்லை.

பொடி

●

டிசம்பர் 12

பெரியவளுக்கு அப்பா எழுதுவது.

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எங்களுக்குச் சளிதான், வேறு ஒன்றும் இல்லை.

சின்னவள் முடிவை எழுதியிருப்பாள். அது என் கணக்கில் வந்த பிழை. அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் "எனக்கும் தெரியும்ப்பா, நானும்தான் சேந்து செஞ்சேன்" என்றாள். அது அவளுடைய பெருந்தன்மை, கணக்கு என்னுடையது.

உன்னுடைய பழைய நோட்டையும் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். உன்னுடையது ஏழு தாள். அதிலும் ஒவ்வொரு பக்கம் திருப்பியதற்கும் நேரம் குறித்திருக்கிறேன். நிறுத்தத்தைக் கழிக்காமல், மணி அடித்ததிலிருந்து சரியாக மூன்று மணி நேரத்தில் நீ எந்தப் பக்கத்தில் இருந்தாய் என்று பார்த்து, அதுவரைக்கும் உள்ள விடைகளை மட்டும் திருத்தினேன். எனக்குப் பாடம் தெரியாது, விடைப் பக்கத்தை வைத்துத்தான் திருத்தினேன். சின்னவளைச் சரிபார்க்கச் சொல்லவில்லை. நானே நான்கு தடவை பார்த்தேன்.

ஏழு தாளில் வந்தவை: 108, 110, 109, 114, 111, 115, 114.

ஹாலில் உனக்கு வந்தது 113. அடுத்த தடவை 116.

நீ அங்கே பயப்படவில்லை. வீட்டில் உனக்கு என்ன வந்ததோ அது அங்கேயும் வந்தது. பயந்துவிட்டாள் என்று நான்தான் சொன்னேன். டிப்போவில் சொன்னேன், உறவுக்காரர்களிடம் சொன்னேன், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "கெட்டிக்காரிதான், கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று சொன்னேன். பன்னிரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். யாரிடமெல்லாம் சொன்னேன் என்று ஞாபகப்படுத்தி ஒரு பட்டியல் போட்டேன். உயிரோடு இருப்பவர்களில் பதினோரு பேரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மீதிப் பேரிடமும் சொல்வேன்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால் கடைசியில் சொல்கிறேன். என் பெண் பயந்தவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அப்பா

●

டிசம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி இறங்கியதா? அம்மாவை இரண்டு நாளாவது தையல் கூடத்துக்குப் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். நான் இங்கே இருக்கும்வரை என் மூக்கு இப்படித்தான் இருக்கும்.

உங்கள் கணக்கைச் சரிபார்த்தேன் என்று எழுத ஆசை, ஆனால் தாள்கள் உங்களிடம் இருக்கின்றன. சரியாகத்தான் இருக்கும்.

"பரவாயில்லை அப்பா" என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். பரவாயில்லை என்பது பொய். பொடிக்கு இரண்டு மதிப்பெண்ணில் போனது, எனக்குப் பன்னிரண்டு வருடம் போனது. இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். சாப்பிடும்போது வருகிறது, எந்திரத்தைத் துடைக்கும்போது வருகிறது. டாக்டர் எதையோ கேட்டதற்கு நேற்று அவரிடம் எரிந்து விழுந்தேன். நான்கு மணி நேரம் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கும்போது அழுகையும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் பதினோரு பேரிடம் நீங்கள் போனதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீதிப் பேரிடம் போக வேண்டாம், முழங்கால் தாங்காது. எனக்குத் தெரிந்தால் போதும்.

ஆய்வகப் பொறுப்பாளர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். மார்ச் மாதம் இரண்டாம் வாரம் தேர்வு. பிப்ரவரி முழுக்க விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், நான்கு ஞாயிறு இருக்கிறது. முன்னறை மேஜையைப் பொடி எனக்குக் கொடுக்க வேண்டும், அவளிடம் சொல்லிவையுங்கள்.

நேரம் நீங்களே பாருங்கள். வேறு யாரும் வேண்டாம். நான் அழுதாலும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் பெரியவள்